மலைத்தோட்டப் பழமரங்களுக்கு வேண்டிய குளிரும் வெப்பமும்

ஆப்பிள், பேரி, பிளம், பீச்சு முதலிய குளிர்ப் பிரதேசத்துப் பழமரங்களை நீலகிரியிலும் பழனி மலைகளிலும் பயிரிடுவோர் தொகை சிறிதன்று. நல்ல மண், போதிய உரம், காலத்தில் கவாத்து ஆகிய மூன்றும் குறைவற இருந்தும் சில தோட்டங்களில் மரங்கள் காய்ப்பதில்லை. கொம்புகள் நீண்டு, நுனியில் மட்டும் இலைக்கொத்துத் தாங்கி, நடுவில் மொட்டையாக நிற்கின்றன. மண்ணையும் உரத்தையும் குறை கூறி மேலும் மேலும் பணத்தைக் கொட்டுவோர் உண்டு. ஆனால் குறை பெரும்பாலும் மண்ணில் இல்லை. மரம் வேண்டிய அளவு குளிரில் உறங்கவில்லை என்பதே காரணம்.

ஆப்பிள் ஒட்டுக்கன்று நட்டு ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்பே அது காய்க்குமா, காய்க்காதா என்பது தெளிவாகும். தவறான ஜாதியைத் தேர்ந்தவருக்கு அத்தனை ஆண்டுகளின் நிலவருமானமும் உழைப்பும் வீணாகின்றன. ஆகையால் கன்று வாங்குவதற்கு முன்னரே, ஜாதி வேண்டும் குளிர் எவ்வளவு, தோட்டம் தரும் குளிர் எவ்வளவு என்னும் இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

மரத்தின் உறக்கம்

குளிர்நாட்டு மரங்கள் அடுத்த ஆண்டுக்கு வேண்டிய பூமொட்டுகளை முந்தின கோடையிலேயே உருவாக்கி வைக்கின்றன. கூதிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் அம்மொட்டுகள் உறக்கத்தில் ஆழ்கின்றன. இவ்வுறக்கம் இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. முதற்கட்டத்தில் மொட்டு தன் உள்ளமைப்பாலேயே கட்டுண்டு கிடக்கும். அப்பொழுது எவ்வளவு வெப்பம் கிடைத்தாலும் விரியாது. போதிய குளிர் கழிந்த பின் அக்கட்டு அவிழும். இரண்டாங் கட்டத்தில் மொட்டு விரியச் சித்தமாயிருந்தும், வெளியே வெப்பம் போதாமையால் காத்திருக்கும். போதிய வெப்பம் சேர்ந்ததும் மலரும்.

இவ்வேற்பாடு மரத்தின் உயிர்ப் பாதுகாப்புக்காக அமைந்தது. பனி பொழியும் தேசங்களில் நடுக்குளிர்காலத்தில் ஒரு வாரம் இளவெயில் காய்வதுண்டு. அதனை வசந்தம் என நம்பி மலரும் மரம் அடுத்து வரும் உறைபனியில் பூவெல்லாம் கருகக் காணும். குளிர்காலம் மெய்யாகவே கழிந்தது என்பதற்குச் சாட்சியாக, கழிந்த குளிர்மணிகளை மரம் எண்ணி வைக்கிறது எனலாம். பல செடிகள் பகல் குறுகுவதைக் கண்டு உறங்கச் செல்கின்றன. ஆப்பிளும் பேரியும் பகலின் நீளத்தைப் பெரிதும் பொருட்படுத்தாமல் குளிரைக் கொண்டே உறங்கவும் விழிக்கவும் செய்கின்றன என்பது 2005-ல் நார்வே தேசத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியால் விளங்கியது. பகல் நீளம் அதிகம் மாறாத நம் மலைகளில் இம்மரங்கள் ஓரளவேனும் பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிரை அளக்கும் முறைகள்

குளிரின் தேவையை 1920-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க விஞ்ஞானி பிரடெரிக் கோவில் தெளிவாக எடுத்துக் காட்டினார். பின்னர் ஜார்ஜியா மாகாணத்துப் பீச்சுத் தோட்டங்களில் செய்த ஆராய்ச்சியைக் கொண்டு வைன்பெர்கர் என்பவர் 1950-ல் எளிய கணக்கொன்றை நிலைநாட்டினார். வெப்பநிலை 7.2 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குளிர்மணி. உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட நேரத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை; அக்கடுங்குளிரில் மொட்டின் உள்வேலை நடைபெறாமையே காரணம். உறைபனி மிகுதியாகப் பெய்யும் பள்ளம் குளிர் மிகுந்த இடம் என எண்ணுவது இதனால் தவறாகும்.

இக்கணக்குப்படி முக்கியமான பழங்களின் தேவை ஏறத்தாழப் பின்வருமாறு:

டெலிஷியஸ் முதலிய பெயர்பெற்ற ஆப்பிள்கள் – 800 முதல் 1,200 மணி வரை.
இனிப்புச் செர்ரி – 800 முதல் 1,200 வரை.
ஐரோப்பியப் பிளம் – 700 முதல் 1,000 வரை.
சாதாரணப் பீச்சு – 600 முதல் 900 வரை.
ஜப்பானியப் பிளம் – ஜாதிக்கேற்ப 300 முதல் 700 வரை.
கீஃபர் முதலிய ஆசிய இரத்தக் கலப்புள்ள பேரி – 300 முதல் 500 வரை.
குறைந்த குளிருக்கென உண்டாக்கிய பீச்சு – 150 முதல் 400 வரை.
அன்னா ஆப்பிள் – 200 முதல் 300 வரை.
அத்தி, மாதுளை – 100 முதல் 200 வரை.

குளிர்மணிக் கணக்கு எளிதாயினும் ஒரு குறை உடையது. இரவுக் குளிரை எண்ணும் அது பகல் வெயிலைக் கவனிப்பதில்லை. 1974-ல் யூட்டா மாகாணத்து ஆராய்ச்சியாளர் வகுத்த கணக்கு இக்குறையை நீக்க முயன்றது. அதன்படி 2.5 முதல் 9.1 டிகிரி வரை ஒரு மணி நேரத்துக்கு முழு அலகு, 9.2 முதல் 12.4 வரை அரை அலகு, 12.5 முதல் 15.9 வரை ஒன்றுமில்லை. 16 முதல் 18 வரை அரை அலகு கழிவு. 18-க்கு மேல் ஒரு முழு அலகு கழிவு. அதாவது இரவில் சேர்த்த குளிரைப் பகல் வெயில் செலவழித்துவிடும்.

ஒரே இரவு, மூன்று பகல்

நம் மலைகளுக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. இரவில் 4 டிகிரி வரை குளிர்ந்த மூன்று நாட்களை எடுத்துக்கொள்வோம். வெப்பம் சீராக ஏறி இறங்குவதாகக் கொண்டால், 7.2-லிருந்து குறைந்தபட்ச வெப்பத்தைக் கழித்து, 24-ஆல் பெருக்கி, அந்நாளின் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க, அந்நாளின் குளிர்மணி கிடைக்கும்.

முதல் நாளில் பகல் வெப்பம் 20 டிகிரி. வித்தியாசம் 16, குளிர்மணி 4.8. யூட்டா முறைப்படி வரவு 10 அலகு, கழிவு 4½, மிஞ்சுவது 5½.

இரண்டாம் நாளில் மேகமும் மூடுபனியும் கவிந்து பகல் வெப்பம் 14-க்கு மேல் ஏறவில்லை. வித்தியாசம் 10, குளிர்மணி 7.7. யூட்டா முறைப்படி வரவு 16 அலகு; கழிவு ஏதுமில்லை.

மூன்றாம் நாளில் வானம் தெளிந்து பகல் வெப்பம் 24-ஐ எட்டியது. வித்தியாசம் 20, குளிர்மணி 3.8. யூட்டா முறைப்படி வரவு 8 அலகு. கழிவு எட்டரைக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் ஒன்றுமில்லை.

மூன்று நாட்களிலும் விடியற்காலையில் விவசாயி உணர்ந்த குளிர் ஒன்றே. ஆயினும் மேகமூட்டமான ஒரு நாள் சாதாரண நாட்கள் மூன்றுக்குச் சமமாயிற்று. வெயில் கொளுத்திய நாளோ மரத்துக்கு யாதொரு பயனும் தரவில்லை. முதல் நாளைப் போன்ற 60 நாட்கள் கிடைத்தால் குளிர்மணி 288 ஆகும். அத்தொகை அன்னா ஆப்பிளுக்கு ஒருவாறு போதும்; டெலிஷியஸ் வேண்டுவதில் பாதியும் ஆகாது.

யூட்டா கணக்கும் முடிந்த முடிபன்று. பகல் வெப்பம் மிகுந்த தேசங்களில் அது கழிவை அளவுக்கு மீறிக் காட்டுகிறது. 1987-ல் இஸ்ரேல் தேசத்தில் ஃபிஷ்மன், ஈரெஸ் முதலியோர் வேறொரு விளக்கம் தந்தனர். குளிரால் மொட்டில் முதலில் ஒரு நிலையற்ற பொருள் சேர்கிறது. உடனே வெயில் வந்தால் அது கரையும். ஆனால் குறித்த அளவு சேர்ந்ததும் அது நிலைத்த பங்காக மாறிவிடும். பின் எந்த வெயிலும் அதனை அழிக்காது. குளிரிடையே மிதமான வெப்பம் வந்தால் அவ்வேலை தடைப்படாது. சில வேளை விரைவாகவும் நடைபெறும். வெம்மையான மலைநாடுகளின் அனுபவத்துக்கு இம்முறையே அதிகம் பொருந்துகிறது. எனினும் நாள்தோறும் மணிக்கணக்கில் வெப்பப் பதிவு இதற்கு வேண்டும். கிராமத்தில் முதற்கணிப்புக்குக் குளிர்மணி முறையே போதுமானது. பகல் வெயிலையும் உடன் குறித்து வைத்தல் அதன் குறையைத் திருத்தும்.

வெப்பத்தின் பங்கு

குளிர்க்கணக்கு முடிந்ததும் வெப்பக்கணக்குத் தொடங்குகிறது. ஏறத்தாழ 4½ டிகிரிக்கு மேற்பட்ட ஒவ்வொரு டிகிரியும், 25 டிகிரி வரையில், மணிதோறும் வரவு வைக்கப்படும். 15 டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றால் வரவு 10½. இவ்வாறு பல்லாயிரம் சேர்ந்த பின்னரே பூ மலரும். வாதுமைக்குக் குளிரும் வெப்பமும் குறைவாகவே வேண்டியிருத்தலால் அது முந்தி மலர்கிறது. ஆப்பிள் பிந்தி மலர்கிறது. குளிர் நிறையப் பெற்ற மரம் குறைந்த வெப்பத்திலேயே மலரும். குளிர் அரைகுறையாகப் பெற்ற மரம் அதிக வெப்பம் கேட்கும். குளிர்காலம் இளகிய ஆண்டில் பூ முந்தும் என எதிர்பார்க்கும் தோட்டத்தில் பூ பிந்துவதற்கு இதுவே காரணம்.

மலர்ந்தது முதல் பழுக்கும் வரையிலும் வெப்பமே காலத்தை நிர்ணயிக்கிறது. முந்திப் பழுக்கும் பீச்சு ஜாதிகள் இரண்டு மூன்று மாதங்களில் பழுக்கும். டெலிஷியஸ் ஆப்பிளுக்கு 135 முதல் 150 நாட்களும், கிரானி ஸ்மித் ஜாதிக்கு ஆறு மாதத்தை ஒட்டியும் ஆகும். ஒரே ஜாதி குன்னூரைக் காட்டிலும் உதகமண்டலத்தில் தாமதித்துப் பழுப்பது வெப்பக் குறைவினாலேயே. நம் மலைகளில் இதனுடன் மழையையும் சேர்த்து எண்ணவேண்டும். தென்மேற்குப் பருவமழை வலுக்குமுன் பழுக்கும் ஜாதிக்கு அழுகலும் வெடிப்பும் குறைவு.

குளிர் குறைந்ததன் அடையாளங்கள்

குளிர் போதாத மரத்தைப் பின்வரும் குறிகளால் அறியலாம். நுனிமொட்டு விரிந்து பக்கமொட்டுகள் உறங்கியே கிடக்கும். பூப்பருவம் இரண்டு வாரத்தில் முடியாமல் இரண்டு மாதம் வரை நீளும். ஒரே கிளையில் பூவும் பிஞ்சும் காயும் காணப்படும். பீச்சு மரத்தில் பூமொட்டுகள் மலராமலே உதிரும். இலை பிந்தித் தோன்றுவதால் பிஞ்சுக்கு உணவு போதாது. மகரந்தம் தரும் துணைமரமும் முக்கிய மரமும் வெவ்வேறு காலத்தில் மலர்வதால் பிஞ்சு பிடிப்பது குறையும். பழம் ஒரே சமயத்தில் முதிராமையால் பறிப்புக்கூலி ஏறும். சந்தைக்கு ஒரு சீரான சரக்கு அனுப்புவதும் இயலாது.

பிறதேசங்களின் பாடம்

இமாசலப் பிரதேசத்தில் 1870-ஐ ஒட்டிக் குலுப் பள்ளத்தாக்கில் ஆங்கிலேயர் ஆப்பிள் நட்டனர். 1916 அளவில் சாமுவேல் ஸ்டோக்ஸ் கோட்கட் கிராமத்தில் டெலிஷியஸ் ஜாதியைக் கொணர்ந்தார். அதனால் மலைநாட்டின் பொருளாதாரமே மாறிற்று. குளிர்காலங்கள் இளகி வந்தமையால் பின்னாளில் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் ஆப்பிள் விளைவு குன்றிற்று. அங்குள்ளோர் பலர் மாதுளைக்கும் காய்கறிக்கும் மாறினர். கின்னௌர், லாஹௌல் முதலிய உயர்ந்த பகுதிகளில் ஆப்பிள் பரவிற்று. கலிபோர்னியா மாகாணத்தின் நடுப்பள்ளத்தாக்கிலும் குளிர்காலக் குளிர் குறைந்து வருவதை 2009-ல் வெளியான ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது.

குறைந்த குளிர் கேட்கும் ஜாதியை எங்கும் நட்டுவிடலாம் என்று எண்ணுவதும் பிழையே. கடுங்குளிர்ப் பிரதேசத்தில் அத்தகைய ஜாதி சீக்கிரம் குளிர்க்கணக்கை முடித்துக்கொண்டு, முதல் இளவெயிலில் மலர்ந்துவிடும். முழுதும் மலர்ந்த ஆப்பிள் பூ பூஜ்யத்துக்குக் கீழ் 2 டிகிரியளவில் சேதமடையத் தொடங்கும். 4 டிகிரியளவில் பத்தில் ஒன்பது பூ மடியும். 2017-ல் ஜார்ஜியா மாகாணம் இருவகை நஷ்டத்தையும் ஒருங்கே கண்டது. இளகிய குளிர்காலத்தால் அதிகக் குளிர் வேண்டும் பீச்சு ஜாதிகள் சரிவர மலரவில்லை. முந்தி மலர்ந்தவற்றை மார்ச்சு மாத உறைபனி கருக்கியது. அவ்வாண்டு பீச்சு விளைவின் பெரும்பகுதி அழிந்தது.

ஜாதியைத் தேர்தல்

வெப்பதேசத்துக்கு ஏற்ற ஆப்பிள்களில் அன்னா முதன்மையானது. இஸ்ரேலில் ரெட் ஹடாசியா, கோல்டன் டெலிஷியஸ் ஆகிய இரண்டின் கலப்பால் பிறந்தது. இது தனித்து நன்கு காய்ப்பதில்லை; அதே காலத்தில் மலரும் டார்செட் கோல்டன் அல்லது ஐன் ஷெமர் ஜாதியைத் துணையாக நடவேண்டும். பழனி மலைக்குப் பார்லின்ஸ் பியூட்டி என்னும் ஜாதியிலிருந்து தெரிந்தெடுத்த கொடைக்கானல்-1 என்னும் ஆப்பிளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது. பீச்சில் ஃபுளோர்டாசன், ஃபுளோர்டாபிரின்ஸ் என்பன புளோரிடா மாகாணத்தில் இதற்கெனவே உண்டாக்கப்பட்டவை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நெடுங்காலம் காய்த்துவரும் நாட்டுப் பேரியும் பிளம்மும் இவ்விடத்துக் குளிர்க்கணக்குக்குள் அடங்கியவை என்பதற்கு அவற்றின் காய்ப்பே அத்தாட்சி.

சமவெளியிலும் காய்க்கும் ஆப்பிள் என்று விற்கப்படும் கன்றுகளில் மூன்று நான்கை நட்டுப் பரீட்சிப்பதில் குற்றமில்லை. பக்கத்துக் கிராமத்தில் பல ஆண்டு காய்த்த மரத்தைக் கண்ணால் காணாமல் ஏக்கர் கணக்கில் நடுவது நஷ்டத்துக்கு வழி. ஓராண்டுக் காய்ப்பைக் கொண்டும் முடிவு செய்தல் கூடாது. அவ்வாண்டின் குளிர்காலம் சிறந்ததாயிருந்திருக்கலாம்.

குறைந்த குளிரை ஈடு செய்தல்

வடக்கு நோக்கிய சரிவில் குளிர்காலச் சூரியன் குறைவாகவே காயும். அவ்விடத்தில் பகல் வெப்பம் தணிந்திருக்கும். தெற்குச் சரிவைக் காட்டிலும் அது நன்று. குளிர்ந்த காற்று தேங்கும் பள்ளத்தின் அடியில் உறைபனிச் சேதம் மிகும். ஆகையால் சரிவின் நடுப்பகுதியே ஏற்றது.

மழைக்காலக் கடைசியில் தழைச்சத்து உரமிடுதலும் மிகை நீர் பாய்ச்சுதலும் இளந்தளிரைத் தூண்டி உறக்கத்தைப் பிந்தச் செய்யும், இவற்றைத் தவிர்க்க. நிமிர்ந்து வளரும் கிளைகளைக் கிடையாக வளைத்துக் கட்டினால் பக்கமொட்டுகள் அதிகம் விரியும்.

உறக்கத்தைக் கலைக்கும் மருந்துகளும் உண்டு. அவற்றுள் ஹைட்ரஜன் சயனமைடு பல தேசங்களில் வழங்குகிறது. குளிர்த்தேவையின் பெரும்பகுதி கழிந்த பின், மொட்டு விரிய ஒரு மாதத்துக்கு மேல் இருக்கையிலேயே தெளித்தால் மொட்டுகள் ஒருசேர விரியும். பிந்தித் தெளித்தால் மொட்டு கருகும். இது மனிதருக்குக் கொடிய விஷம். தெளிப்பவர் உடலை முழுதும் மூடிக்கொள்ளவேண்டும். தெளிப்பதற்கு முன்னும் பின்னும் சில நாட்கள் மதுவைத் தொடலாகாது. ஐரோப்பிய நாடுகள் 2008-ல் இதற்கு அனுமதி மறுத்தன. தோட்டக்கலை அதிகாரியின் ஆலோசனையின்றி இதனைக் கையாளுதல் கூடாது. மேலும் எந்த மருந்தும் சிறு குறையை ஈடு செய்யுமேயன்றி, 1,000 மணி கேட்கும் மரத்தை 300 மணியில் காய்க்கச் செய்யாது.

ஜாவாத் தீவின் கிழக்கில் பாத்து என்னும் மலையூரில் வேறு வழி கையாளப்படுகிறது. அங்குக் குளிர்காலமே இல்லை. பழம் பறித்து ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் மரத்தின் இலைகளையெல்லாம் கையால் உருவி விடுகின்றனர். மொட்டுகள் ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்லுமுன்னரே விழித்து மலர்கின்றன. ரோம் பியூட்டி ஆப்பிள் ஆண்டுக்கு இருமுறை காய்க்கிறது. கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையில் கவாத்தினால் ஆண்டுக்கு இரு போகம் எடுப்பதற்கும் அடிப்படை இத்தகையதே. உறக்கத்தை முடிப்பதற்குப் பதிலாக உறக்கமே வாராமல் செய்யும் இம்முறைக்குக் கூலியாட்கள் மிகுதியாக வேண்டும்; மரத்துக்கு உரமும் நீரும் இடைவிடாது கிடைக்கவேண்டும்.

கிராம அதிகாரிகளின் உதவி

மேற்கூறிய கணக்கெல்லாம் வெப்பப் பதிவு இருந்தால்தான் பயன்படும். மலையில் ஒரு மைலுக்குள்ளேயே குளிர் மாறுபடும். நகரத்துப் பதிவு பக்கத்துப் பள்ளத்துக்குப் பொருந்தாது. அதிகபட்ச, குறைந்தபட்ச உஷ்ணமானி ஒன்றை, வெயில் படாமல் காற்றோட்டமுள்ள பெட்டியில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் வைத்து, நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாள்தோறும் காலையில் இரு எண்களையும் குறித்து வரச் செய்வது அதிகச் செலவில்லாத காரியம். கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் இப்பொறுப்பை ஏற்றால் ஊரார் அனைவருக்கும் உதவும்.

பல ஆண்டுப் பதிவு சேர்ந்தபின் சராசரியைக் கொண்டு ஜாதியைத் தேரலாகாது. சராசரிக்குத் தக்க ஜாதியை நட்டால் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை குளிர் போதாமற்போகும். பத்து ஆண்டுகளில் ஒன்பதில் தவறாது கிட்டும் குளிர்மணி எவ்வளவோ, அதற்குள் அடங்கும் ஜாதியே குடும்பத்தைக் காக்கும் ஜாதி. இன்று நடும் மரம் இருபது முப்பது ஆண்டுகள் நிற்கவேண்டியதாகையாலும், குளிர்காலங்கள் இளகி வருகின்றமையாலும், கணக்கில் வந்ததைவிடச் சற்றுக் குறைந்த தேவையுள்ள ஜாதியைத் தேர்வது உத்தமம். உறைபனி கடுமையாக விழும் பள்ளங்களில் மட்டும் முந்தி மலரும் ஜாதியை விலக்குக. கன்று விற்பவரிடம் பழத்தின் நிறத்தையும் விலையையும் கேட்பதற்கு முன்னர், அந்த ஜாதிக்கு எத்தனை குளிர்மணி வேண்டும் என்று கேட்பது தோட்டக்காரர் கடமையாகும்.